ஒரே அடுப்பு என்று நான் சொன்னது

மகனே,

பத்துக்குப் பத்து அறையில் உன்னோடு ஒன்றாக இருந்துகொண்டே உனக்குக் கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. இந்த அறையில் உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு எங்கே இடம் இருக்கிறது, நீயே சொல். நீ வரும்போது உன் அப்பா இருக்கிறார். அவர் துறைமுகத்துக்குப் போனபிறகு நீ சட்டைக்குப் பித்தான் தேடிக்கொண்டு அவசரத்தில் இருக்கிறாய். குரலைத் தாழ்த்திப் பேசினாலோ, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனியம்மா, "இன்னா யக்கா, என்னியா கூப்பிட்டே?" என்கிறாள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ராயபுரத்து மிஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள் என்று தெருவுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த கை இது. பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

வேலை கிடைத்துவிட்டது என்று போன வாரம் நீ ஓடிவந்து சொன்னாய். திங்கட்கிழமையிலிருந்து நோட்டும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் குடிசை குடிசையாகப் போக வேண்டும், தொழிற்சாலை வருவதால் குடிசைகளை எடுக்கப்போகிறார்கள், குடும்பத்துக்கு ஓர் அறை என்று வரிசை வீடு கட்டித் தரப்போகிறார்கள், நான் எழுதுகிறபடிதான் யாருக்கு வீடு என்பது என்றாய். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிடும்போது நீ இன்னொன்றும் சொன்னாய்: "அடுப்ப வெச்சுத்தான் குடும்பம்னு எண்ணணும்மா. தனியா இருக்கறவங்கள சேக்கறதா வேணாமான்னு மட்டும் தெளிவா சொல்லல. பாத்து எழுதிக்கோன்ட்டாங்க." நான் உடனே பால் வாங்கிவருகிறேன் என்று வெளியே போனேன். பால் வாங்கப் போகவில்லை. குழாயடியில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நீ போகப்போகிற எர்ணாவூர் மணலில் தனியாக ஒருத்தி இருக்கிறாள். உன் கன்னியம்மா அத்தை. உன் அப்பாவுக்கு இருக்கிற ஒரே தங்கை. அத்தை ஏன் நம்மை விட்டுப் போனாள் என்று சின்ன வயதில் நீ துளைத்துத் துளைத்துக் கேட்பாய். என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்று சொல்வேன். உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் நம்பினார், பதினொரு வருஷமாகத் தங்கை வாசலை மிதிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். அவளுக்கு வரவேண்டிய வீடு என் வாயால் போயிற்று. இப்போது அவள் பெயரை எழுதுவதும் விடுவதும் உன் கையில் வந்திருக்கிறது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நியாயமில்லை.

நான் பிறந்த வீட்டைக் காட்டு என்று நீ கேட்பாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் கடலைக் காட்டுவேன். "அதோ, அந்த அலை உடையுது பார், அங்கதான்" என்பேன். நீ கோபித்துக்கொள்வாய். உண்மையைத்தான் சொன்னேன். துறைமுகத்துக்குச் சுவர் கட்டினதிலிருந்து அதற்கு வடக்கே இருக்கிற கரையைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டிருந்தது. நான் கல்யாணமாகி அந்தக் குப்பத்துக்கு வந்தபோது நம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுகள், வலை காயப்போடுகிற மணல், ஒரு பூவரச மரம் எல்லாம் இருந்தன. ராயபுரத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான், மீன் வாசனையே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து முதல் நாளே சிரித்தவள் கன்னியம்மாதான். "இன்னா அண்ணி, மூக்க எத்தினி நாளைக்கு மூடிகினு இருப்பே? மூச்சு வுடணுமில்ல?" என்றாள். கானாங்கெளுத்தியை எப்படிக் கழுவுவது, எந்த மீனின் கண்ணைப் பார்த்தால் பழசு என்று தெரியும், எல்லாம் அவள் கற்றுக்கொடுத்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு லேசாகிவிடுகிறது. சாயங்காலம் கட்டுமரங்கள் கரை ஏறுகிற நேரத்தில் நாங்கள் இருவரும் இடுப்பில் ஆளுக்கொரு பிள்ளையை வைத்துக்கொண்டு மணலில் நிற்போம்.

ஓர் ஐப்பசியில் அவள் புருஷன் போன கட்டுமரம் திரும்பவில்லை. உன் அப்பா போய் அவளையும் இரண்டு பெண்களையும் அழைத்து வந்தார். வள்ளி உன்னைவிட இரண்டு வயது மூத்தவள், அஞ்சலை கைக்குழந்தை. வாசலில் நின்றவளைக் கட்டிக்கொண்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன்: "நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ தனி அடுப்பு மூட்ட வேணாம் கன்னிமா." குப்பத்தில் அது சின்ன வார்த்தை இல்லை. அங்கே தனி அடுப்பு வைப்பது என்றால் உறவை வெட்டிக்கொள்வது. அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால்கூட மறுநாள் ஒட்டிக்கொள்வார்கள். ஒருத்தன் பெண்டாட்டி மூன்று கல்லை வைத்துப் புகை எழுப்பிவிட்டால் தீர்ந்தது. "அவ தனி அடுப்பு வெச்சிட்டாளாம்" என்று சாவுச் செய்தி சொல்வதுபோல் ஊரெல்லாம் சொல்வார்கள். அதனால் நான் கொடுத்த வாக்கைக் கேட்டுப் பெண்டுகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் மனசாரத்தான் சொன்னேன், அதில் பொய் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு மழைக்குக் கடல் நம் வரிசையையும் கொண்டுபோயிற்று. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு டோல்கேட்டுக்கு அந்தாண்டை, ரயில் பாதை ஓரமாகக் குடிசை போட்டோம். கீற்றுத் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்த குடிசை. ஒரு பக்கம் நாம், மறு பக்கம் அவர்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல். அடுப்பு மட்டும் நம் பக்கத்தில் ஒன்றே ஒன்று. அந்தக் குடிசையை நீ மறந்திருக்க மாட்டாய். சரக்கு ரயில் போனால் கூரையிலிருந்து தூசி சோற்றில் விழும். வள்ளி உன் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வழியெல்லாம் நீ பண்ணின கூத்தை வந்து என்னிடம் கோள் சொல்வாள். அத்தை காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்துக் கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்புவாள். துறைமுகத்து மேஸ்திரி எப்படி நடப்பான், ராயபுரத்தில் டிராமை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுகிற குமாஸ்தா எப்படிக் குடையை ஆட்டுவான் என்று அவள் நடித்துக் காட்டினால் உன் அப்பா சிரித்துச் சிரித்துப் புரை ஏறுவார். ஏழ்மை இருந்தது, ஈரம் இருந்தது, பாம்புகூட ஒரு முறை வந்தது. ஆனாலும் அந்தக் குடிசையில் இருந்த சந்தோஷம் இந்தச் செங்கல் சுவருக்குள் வரவில்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை, தினமும் நினைக்கிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அந்தக் குடிசைகளை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் எங்களுக்கு வீடு வேண்டும் என்று சந்து மொத்தத்துக்கும் மனு எழுதினவள் நான்தான். ஆணும் பெண்ணுமாகக் கைநாட்டு வைத்தார்கள். அதிசயமாக அந்த மனுவுக்குப் பதிலும் வந்தது. வரிசை வீடு கட்டுகிறோம், குடும்பக் கணக்கு எடுக்க ஆள் வரும் என்றார்கள். ஆள் வருவதற்கு முன்னாலேயே எந்தக் கணக்கு என்று சந்துக்குத் தெரிந்துவிட்டது: எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம். முனியம்மா என்னிடம் ஓடிவந்தாள். அவளும் அவள் மாமியாரும் விடிந்தால் அடைந்தால் சண்டை, இரண்டு அடுப்பு வெகு நாளாகவே எரிந்துகொண்டிருந்தது. "யக்கா, கன்னிமா பக்கம் ஒரு அடுப்பு வெச்சிடு. ரெண்டு நாளு உமி போட்டு எரிச்சா கரி புடிச்சிக்கும். எலி வளையானாலும் தனி வளை வோணும்க்கா" என்றாள். எனக்கு வந்ததே கோபம். ஒரு செங்கல் அறைக்காக என் நாத்தனாரை வெளியாள் என்று சொல்லச் சொல்கிறாயா, உன் வீட்டு வழக்கம் உன்னோடு இருக்கட்டும் என்று அவளை விரட்டினேன்.

இதுவரைக்கும் சொன்னால் நான் நல்லவளாகத்தான் தெரிவேன். மேலே படி. கணக்கெடுக்க வருகிற அன்று காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாணி மெழுகின வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். உன் அத்தை மூன்று செங்கல்லைக் கூட்டி வைத்து, சுற்றிலும் மெழுகி, ஒரு சின்ன சட்டியை மேலே வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திருடிப் பிடிபட்ட பிள்ளைபோல எழுந்து நின்றாள். "அண்ணி, இன்னிக்கு ஒரு நாளு. அந்தாளு எழுதிகினு போறவரைக்கும். அப்பால எடுத்துடறேன்" என்றாள். சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூன்று கல்லையும் புடவையில் வாரிக்கொண்டு போய்க் குழாயடியில் போட்டுவிட்டு வந்தேன். அவள் கூடைக்குச் சும்மாடு சுற்றத் தொடங்கினாள். 'இன்னிக்கு ஒரு நாளு' என்று அவள் சொன்னாளே, அது என் மனம் கோணாமல் இருப்பதற்காகச் சொன்னது. ஒரு நாள் அடுப்புக்கு யாராவது அவ்வளவு அழகாக மெழுகுவார்களா? இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். நல்ல மனிதர், உன் வயசுதான் இருக்கும். இரண்டு வாசலையும் பார்த்தார். "ரெண்டு வாசல் இருக்கேம்மா. ரெண்டு குடும்பமா? எத்தனை அடுப்பு எரியுது?" என்று கேட்டார். சந்தே கூடி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து நின்று, "ஒரே அடுப்பு சார். ஒரே குடும்பம்" என்றேன். அவர் உடனே எழுதவில்லை. பென்சிலைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு, இன்னும் கரைக்குக் கிளம்பாமல் இடுப்பில் கூடையோடு நின்ற உன் அத்தையைப் பார்த்தார். அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "இதுல யோசிக்க இன்னா இருக்கு?" என்றேன். உன் அப்பா பெயரை எழுதி, கீழே 'உடன் இருப்போர்' என்று மற்றவர்களை வரிசையாக எழுதிக்கொண்டு, கதவுக் காலில் சாக்பீஸால் ஒரே ஒரு எண் போட்டுவிட்டுப் போனார். பெண்டுகள் எல்லாம், "அண்ணின்னா இவதான்டி அண்ணி" என்றார்கள். அன்றைக்குச் சோறு தின்னாமலே எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

அந்தப் பெருமையில் என்ன இருந்தது என்பதை இத்தனை வயதுக்கு மேல் உனக்கு ஒளிக்க வேண்டாம். அன்பு இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் அகப்பையும் இருந்தது. அத்தனை வருஷமும் அகப்பை என் கையில்தான். அவள் சம்பாதித்துக் கொண்டுவந்த மீனை நான் குழம்பு வைத்து நான் பரிமாறுவேன். "அண்ணி, அஞ்சலைக்கு இன்னும் கொஞ்சம் சோறு" என்று அவள் கேட்பாள். ஒரு நாளும் நான் இல்லை என்று சொன்னதில்லை. ஆனாலும் மகனே, அவள் கேட்க வேண்டியிருந்தது. தன் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு அதிகம் வைக்க ஒரு தாய் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? ஊரார் என்னைப் புகழுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டியல் ஒட்டினார்கள். நமக்கு ஓர் அறை. முனியம்மாவுக்கும் அவள் மாமியாருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. வீடு வந்த மறு மாதம் அந்த இரண்டு பேரும் ராசியாகி ஒரே சட்டியில் பொங்கித் தின்றார்கள், அதை எங்கே போய்ச் சொல்ல! சண்டைக்காரிகளுக்கு இரண்டு வீடு, ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்று. நான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா சட்டென்று விரட்டவில்லை. "நீங்க சொன்னதத்தானேம்மா எழுதியிருக்காங்க? நான் சொன்னது தப்பு, ரெண்டு குடும்பம்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. பட்டியல் மூடறதுக்குள்ள குடுத்துடணும்" என்றார். சந்துக்கே மனு எழுதினவளுக்கு இது பெரிய காரியமா? ஆனால் அதற்கு விசாரணை வரும். சந்து நடுவில் நின்று, எங்களுக்கு இரண்டு அடுப்பு என்று நான் சொல்ல வேண்டும். அண்ணி என்று மெச்சினவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். எழுதி எடுத்துக்கொண்டு போன அன்று பட்டியலை மூடிவிட்டிருந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஏழு மாதம் நாம் ஆறு பேரும் இந்த அறையில் இருந்தோம். வள்ளி பெரியவளாகிவிட்டாள். உன் அப்பா உள்ளே வந்தால் அந்தப் பெண் சுவரோரம் திரும்பி உட்காருவாள். அவள் உடை மாற்ற வேண்டுமென்றால் நாம் எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில், உன் அப்பா கப்பல் வேலையில். உன் அத்தை துணிகளை மூட்டை கட்டினாள். கோபம் ஒரு துளி இல்லை அவள் முகத்தில். "பொண்ணு பெரிசாயிடுச்சி அண்ணி. எண்ணூராண்ட உப்பளத்துல வேலை கீதாம், இருக்க எடமும் குடுக்கறாங்களாம். அண்ணன் வந்தா நீயே சொல்லிடு" என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. உன் அப்பா வந்து, "எங்க தங்கச்சி?" என்று கேட்டபோது, அந்த அப்பாடாவை மறைக்கத்தான் சண்டை என்று ஒரு கதை கட்டினேன். உப்பளத்தில் கொடுத்த இடம் கதவில்லாத ஒரு கொட்டகை. பெரிய பெண்ணை அங்கே வைத்துக்கொள்ளப் பயந்து, வள்ளிக்குப் பதினாலு வயதில், பெண்டாட்டி செத்த ஒருவனுக்குப் பழவேற்காட்டில் கட்டிக் கொடுத்தாள். சேதி வந்தும் உன் அப்பா போகவில்லை. உன் கையைப் பிடித்துத் தண்டவாளம் தாண்டவைத்தாளே, அந்த வள்ளிதான். தாழ்ப்பாள் போட ஒரு கதவு இருந்திருந்தால் அவள் உன்னைப்போலப் படித்திருப்பாள்.

இவ்வளவும் உன்னை அழவைக்க எழுதவில்லை. நீ போய் நிற்கப்போகிற வாசல்களுக்காக எழுதுகிறேன். பத்து மணிக்குப் போகாதே. மீன்காரிகளும் உப்பளத்துக்காரிகளும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள், வீட்டில் யார் அதிகாரமோ அவர்கள்தான் பதில் சொல்வார்கள். எல்லோரும் திரும்புகிற சாயங்காலத்தில் போ. தெருவே நிற்கும்போது கேட்காதே. பத்துப் பேர் முன்னால் வருகிற பதிலில் பாதி வீறாப்பாகத்தான் இருக்கும். உட்கார்ந்து கேள். பதில் சொல்கிறவளை மட்டும் பார்க்காமல், பின்னால் குனிந்துகொண்டு நிற்கிறவளையும் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இன்னாம்மா வோணும்?" என்று கேள். மழை பெய்தால் யார் எங்கே படுப்பீர்கள் என்று கேள், குடும்பம் எத்தனை என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதல் நாள் பென்சிலால் எழுது. மறுநாள் போய் இன்னொரு முறை கேட்டுவிட்டு மையால் எழுது. அன்றைக்கு வந்தவர் நல்லவர்தான், எனக்கு ஒரு சந்தர்ப்பமும் கொடுத்தார். ஆனால் கொடுக்க வேண்டியது எனக்கில்லை, அவளுக்கு.

நீ வேலை கிடைத்த செய்தி சொன்ன மறுநாள் நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி எர்ணாவூருக்குப் போனேன். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். அஞ்சலையைக் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆயிற்றாம், மீஞ்சூர்ப் பக்கம் இருக்கிறாளாம். இவள் மட்டும் பனை ஓலைக் குடிசை ஒன்றில். தலை நரைத்துப் பாதி உடம்பாகிவிட்டாள். வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வா அண்ணி. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கறே? உள்ள வா" என்றாள், நேற்றுத்தான் பிரிந்ததுபோல. உள்ளே ஒரு மூலையில் களிமண் அடுப்பு, பளிச்சென்று மெழுகியிருந்தது. பழக்க தோஷம், நான் அரிவாள்மணையை இழுக்கப் போனேன். "நீ உக்காரு. இது என் வூடு" என்று என்னைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு நெத்திலி ஆய்ந்தாள், குழம்பு கூட்டினாள், இலை போட்டாள். செக்கச்செவேல் என்று குழம்பு. ஒரு வாய் வைத்ததும் எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. உன் அப்பா வயிற்றுப் புண்ணுக்காக நான் மிளகாயைக் கிள்ளிப் போட்டுத்தானே வைப்பேன்? அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "காரமா கீதா? எனக்கு இப்டித்தான் அண்ணி புடிக்கும், சின்னப்புள்ளயிலேந்து" என்றாள். ஏழெட்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவளுக்கு என்ன ருசி பிடிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பிட்ட இலைக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கல்லைத் தூக்கிப் போட்டதற்கு, கடுதாசி எழுதாமல் இருந்ததற்கு. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயம், கையை ஆட்டித் தள்ளினாள். சண்டை என்று அண்ணனிடம் சொன்னதைச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. "அண்ணன் கையில அப்டியா சொன்னே?" என்றாள். "அதான் வரலியா? நான் இன்னாடா தப்பு பண்ணிட்டேன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு கெடந்தேன் அண்ணி. வூடு போனா போவுது. வள்ளி கண்ணாலத்துக்குக்கூட எங்கண்ணன் வரலியேன்னுதான்..." சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ" என்று அவளேதான் அகப்பையை எடுத்தாள்.

இன்று சாயங்காலம் உன் அப்பா வந்ததும் அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நீ நடுவில் புகுந்து எனக்குப் பரிந்து பேசாதே. நாளைக் காலையில் அவரை எர்ணாவூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவது மட்டும் உன் பொறுப்பு.

அத்தை என்பதற்காக அவளுக்கு எதையும் சேர்த்து எழுதாதே. அவள் அதை விரும்ப மாட்டாள், எனக்கும் அது வேண்டாம். தனி ஆள் என்பதற்காக விட்டுவிடவும் செய்யாதே. உடன் இருப்போர் யாரும் இல்லாமல் ஒருத்தி தனக்குத் தானே பொங்கித் தின்கிறாள் என்றால் அதுவும் ஒரு குடும்பம்தான், மேலே இருப்பவர்கள் கேட்டால் அப்படியே சொல். வேண்டுமானால் மனு நான் எழுதித் தருகிறேன், இந்த முறை தாமதிக்க மாட்டேன். நான் கிளம்பும்போது அவளிடம் சொன்னேன், நம்ம பையன்தான் திங்கட்கிழமை கணக்கெடுக்க வருகிறான் என்று. அவளுக்கு நம்பவே முடியவில்லை. "நம்ம நைனாவா? நோட்டு எடுத்துகினா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சின்ன வயதில் உன்னை நைனா என்றுதானே கூப்பிடுவாள். பிறகு, "வந்து இன்னா கேப்பான்?" என்றாள்.

"எத்தினி அடுப்புன்னு கேப்பான்" என்றேன்.

"ஒண்ணுன்னு சொல்வேன்" என்றாள். "இந்த வாட்டி அது என்னுது."

உன் அம்மா